மஸூதா பெயரில் ஒரு நட்சத்திரம்

ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்பே ரஜிதா போனை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒற்றை நட்சத்திரம் அங்கேயேதான் இருந்தது. எங்கே போய்விடும்?

பதினைந்து நாளாக இதே கூத்துத்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீதியில் அவளுடைய 'செண்பகம் பியூட்டி பார்லர்' ஏழு வருஷமாக இருக்கிறது. இணையத்தில் அதைப் பற்றி வாய் திறந்தவர்கள் ஏழே ஏழு பேர். ஐந்து பேர் மனம் நிறைந்து ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஒருத்தி, காத்திருக்கிற இடத்தில் மின்விசிறி இல்லை என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டாள். அது நியாயம், புழுக்கம் அப்படி. ஏழாவது ஆள் ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்துவிட்டு, ஏன் எதற்கு என்று ஒரு சொல்லும் எழுதாமல் போயிருந்தாள். பெயர் மட்டும் இருந்தது. மஸூதா.

அந்த ஒன்றினால் நாலு புள்ளி எட்டாக இருந்த கடையின் மதிப்பு நாலு புள்ளி மூன்றுக்கு இறங்கிவிட்டது.

ஏழு வருஷத்துக்கு ஏழு பேர்தானா என்று நீங்கள் கேட்கலாம். கடையின் பின்னறையில் தடித்த திரை ஒன்று தொங்குகிறது. அதற்குப் பின்னால் வந்து முடி வெட்டிக்கொண்டு, முகம் பூசிக்கொண்டு போகிற முஸ்லிம் பெண்கள்தான் ரஜிதாவின் நல்ல வாடிக்கையாளர்கள். அவர்கள் ரஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டுவார்கள். தங்கள் பெயரைப் போட்டு ஊர் பார்க்க எழுத மாட்டார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களோ கல்யாணத்துக்கு ஒருதரம் வருகிறவர்கள். தாலி ஏறிய பிறகு பார்லருக்கு நட்சத்திரம் போட யாருக்கு ஞாபகம் வரும்?

மஸூதா யார் என்பதுதான் ரஜிதாவின் நெஞ்சில் கிடந்து அறுத்தது. அவள் ஸக்கியாவின் அக்கா. ஸக்கியா, செண்பகத்தில் ஐந்து வருஷமாக மணப்பெண்களுக்கு மெஹந்தி போடுகிறவள். கூடப் பிறக்காத தங்கச்சி என்றே ரஜிதா சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள், எதிரே புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மெஹந்தி போடக் கூப்பிடுகிறார்கள், போய்வரட்டுமா என்று கேட்டாள். மறைக்காமல் கேட்டாள், பாவம். ரஜிதா வெடுக்கென்று, "அங்கயே போயிரேன்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் மஸூதா பெயரில் அந்த நட்சத்திரம். இரண்டையும் முடிச்சுப்போட ரஜிதாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஸக்கியாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவளிடமிருந்து வந்த போனுக்கும் பதில் சொல்லவில்லை.

இன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணியோடு அந்த நட்சத்திரம் இன்னும் கனக்கப்போகிறது. தம்புள்ளை வீதியில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் வருகிறது. அதன் பொறுப்பாளர் ஆதிபா என்ற பெண், மண்டபத்துக்கென்று ஒரே ஒரு பார்லரைத் தேர்ந்தெடுக்கப்போகிறாள். போன வாரம் நேரில் வந்தவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "நாலரை ஸ்டாருக்குக் குறைஞ்ச பார்லர நான் எடுக்க மாட்டேன் ரஜிதா. கல்யாணப் பொண்ணுங்க கனடாவுல இருந்து வாறாங்க, போனப் பாத்துத்தான் எல்லாம் முடிவு பண்றாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பாப்பேன். அப்ப என்ன இருக்கோ அதுதான்."

இன்று வெள்ளிக்கிழமை. மண்டபம் கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இந்த வருஷத்தோடு செண்பகத்தைப் பூட்டிவிட்டு, தினமும் ரயிலேறிக் கண்டிக்குப் போய், யாரோ ஒருத்தியின் பார்லரில் யாரோ ஒருத்தியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். கண்ணாடிக் கடை வந்த பிறகு வியாபாரம் அந்த நிலைக்கு வந்திருந்தது.

"அண்ணி, இன்னும் நேரம் இருக்கு" என்றாள் அனுஷியா. ரஜிதாவின் கணவன் யோகேந்திரனின் தங்கை. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவள். கடையின் மதிப்பை ஏற்றிக்காட்டுவேன் என்று சபதம் போட்டிருக்கிறவளும் அவள்தான். "எல்கடுவ தோட்டத்து லயத்துல நம்ம சொந்தக்காரங்க பத்துப் பேருக்கு சொன்னா, பத்து நிமிசத்துல பத்து அஞ்சு ஸ்டார். அழகையா சித்தப்பா ரெடியா இருக்காரு."

"உங்க சித்தப்பாவுக்கு நான் என்ன செஞ்சேன்? புருவம் எடுத்தேனா?"

"எழுதத்தானே போறாரு..."

"என் கை படாத ஆளு ஒருத்தரும் எழுத வேணாம் அனு. வேலையப் பாரு."

வேலை நாற்காலியிலேயே காத்திருந்தது. எல்கடுவையிலிருந்து வந்த மணப்பெண் விடிவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தரைக்குக் கோயிலில் முகூர்த்தம். ரஜிதா கொண்டை போட்டு, பூ வைத்து, நெற்றிச்சுட்டியை நேர் பார்த்துக் குத்தினாள். எல்லாம் ஒழுங்காக வந்தது, மெஹந்தியைத் தவிர. நேற்று அதை ரஜிதாவே போட்டிருந்தாள். கொடி ஓடுகிற இடத்தில் திட்டுத் திட்டாக நின்றது.

"முந்தி எங்க மச்சான் மகளுக்குப் போட்டப்ப நல்லா செவந்திருந்துச்சே" என்றாள் மணப்பெண்ணின் தாய், குறையாகச் சொல்லாமல் சும்மா சொல்வதுபோல.

ரஜிதா நெற்றிச்சுட்டியை இன்னொரு தரம் நேராக்கினாள். வாயைத் திறந்தால் ஸக்கியாவின் பெயர் வந்துவிடும்.

பின்னறையிலிருந்து உலர்ந்த துவாய்களைக் கை நிறைய அள்ளிக்கொண்டு ரஜிதாவின் மாமியார் புஷ்பவதி வந்தாள். எல்கடுவையில் முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவள். மகனோடு டவுனுக்கு வந்த பிறகு சும்மா இருக்கத் தெரியாமல், கடைத் துவாய்களைத் துவைப்பதும் மடிப்பதும் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். மருமகளை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நிறையாகவும் ஒரு சொல் சொன்னதில்லை. ரஜிதா எவ்வளவு அழகாக ஒரு பெண்ணை ஜோடித்து நிறுத்தினாலும், புஷ்பவதி மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"பொட்டு வச்சியா?"

இன்றும் அதையே கேட்டாள்.

"கன்னத்துல வேணாங்க, வீடியோவுல விழும்" என்றாள் மணப்பெண்.

"காதுக்குப் பின்னால வைக்கிறேன், யாருக்கும் தெரியாது" என்று ரஜிதா மையைத் தொட்டு, காது மடலுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். செண்பகத்தை விட்டுப் போகிற எந்த மணப்பெண்ணும் அந்தப் பொட்டு இல்லாமல் போனதில்லை.

மணப்பெண்ணின் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல வேளை வச்சீங்க. இம்புட்டு அழகா இருக்கா. கண்ணு பட்டுறும்."

சொந்தத் தோட்டத்து ஆள் என்பதாலோ என்னவோ, புஷ்பவதிக்கு அன்றைக்கு வாய் திறந்துகொண்டது. "ஆமா தங்கச்சி. எதையும் குறையே இல்லாம முழுசா வெளிய காட்டப்படாது. அதான் நான் கடைக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்."

"எங்கக்கா, வாசல்லயா?"

"வாசல்ல வச்சா ரோட்டுல போறவங்க கண்ணுக்கு மட்டுந்தானே ஆகும்? ஒலகமே பாக்குற எடத்துல வச்சிருக்கேன். போன்ல."

ரஜிதாவின் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது.

மணப்பெண்ணை வேனில் ஏற்றி அனுப்புகிறவரைக்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சேலை மடிப்பை இழுத்துவிட்டாள், சிரித்தாள், கையசைத்தாள். வேன் திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமி, போன்ல என்ன வச்சீங்க?"

புஷ்பவதி மடித்த துவாயை மறுபடி பிரித்து மடித்தாள். "அன்னைக்கு அனு காட்டினா இல்ல? நம்ம கடையப் பத்தி எல்லாரும் எழுதியிருக்காங்கன்னு. அத்தனையும் மஞ்ச மஞ்சளா, எல்லாருக்கும் அஞ்சு அஞ்சா இருந்துச்சு. எனக்குப் பயம் புடிச்சிருச்சு. எதுத்தாப்புல புதுக் கடை வேற வந்திருக்கு. எத்தன பேரு பாப்பாங்க, எத்தன பேரு பெருமூச்சு விடுவாங்க! எங்க அமுக்கினா எத்தன விழும்ன்னு அனுதான் சொல்லிக் குடுத்துச்சு. நான் மொத ஒண்ண மட்டும் அமுக்கினேன்."

"அம்மா!" என்று அனுஷியா கத்தினாள்.

"என்னடி? ஒரு பொட்டுத்தானே."

புஷ்பவதியின் போன் மேசைமேல் கிடந்தது. மூலையில் சின்னதாக விரிசல் விட்ட பழைய போன். அக்கா மஸூதா வைத்திருந்த அந்தப் போனை மூன்று மாதத்துக்கு முன் கொண்டுவந்து கொடுத்தது ஸக்கியாதான். 'ராத்தா புதுசு வாங்கிட்டாங்க. இது அம்மாவுக்கு இருக்கட்டும்' என்று சொல்லிக் கொடுத்தாள். படங்களையும் பாட்டுகளையும் அழித்துத்தான் கொடுத்தார்கள். மஸூதாவின் கணக்கு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

அனுஷியா பாய்ந்து போனை எடுத்தாள். "இப்பவே அழிச்சிடுறேன். அஞ்சு மணிக்குள்ள நாலு புள்ளி எட்டுக்கு வந்திரும்..." விரல் திரையில் ஓடியது, நின்றது. "பாஸ்வேர்ட் கேக்குது."

"நாலு நாளா அப்பிடித்தான் என்னமோ கேக்குது" என்றாள் புஷ்பவதி.

மஸூதா கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும். இனி அந்த நட்சத்திரத்தை எடுக்க மஸூதா ஒருத்தியால்தான் முடியும்.

"உங்களால அண்ணி கடையே போகப் போகுது, தெரியுமா? அறிவிருக்கா உங்களுக்கு?" அனுஷியாவின் குரல் உடைந்தது. "அஞ்சு மணிக்கு மண்டபத்து ஆளு பாக்கப் போறாங்க. பொட்டாம் பொட்டு!"

புஷ்பவதிக்கு அப்போதுதான் விளங்கியது. துவாயைக் கீழே வைத்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள். முப்பது வருஷம் மலையேறி இறங்கிய உடம்பு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கைப்பிடியளவாகச் சுருங்கிவிட்டது.

"அவங்கள ஏசாத அனு" என்றாள் ரஜிதா.

அவளுக்கு மாமியார்மேல் கோபம் வரவில்லை. வர இடமில்லாமல் வேறொன்று வந்து நெஞ்சை நிறைத்திருந்தது. பதினைந்து நாள்! மழையில் நனைந்துகொண்டு வந்து மணப்பெண்ணுக்கு இரண்டு கையும் முழங்கை வரை போட்டுவிட்டு, விரல் மரத்துப் போனாலும் சிரிக்கிற பெண். அவளிடமிருந்து வந்த போன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே என்று ரஜிதாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"நான் போன் பண்றேன் அண்ணி. விசயத்த சொல்லி மஸூதாக்காவ அழிக்கச் சொல்லுவோம். அஞ்சு நிமிச வேலை."

"வேணாம். நானே நேர்ல போறேன்."

சொன்னாலும் உடனே போக முடியவில்லை. பார்லர்க்காரிக்குத் துக்கம் வந்தாலும் முறை வைத்துத்தான் வர வேண்டும். வேலைக்குப் போகிற இரண்டு பேர் முடியை நேராக்க வந்திருந்தார்கள், திரைக்குப் பின்னால் ஒருத்தி சாயம் பூசிக்கொண்டு காத்திருந்தாள். எல்லாம் முடிந்து அவள் ஓட்டோவில் ஏறும்போது மூன்றரை தாண்டிவிட்டது.

கொங்காவெலயில் பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாவதாகப் பிரிகிற சின்ன ஒழுங்கையில் ஸக்கியாவின் வீடு. வாசலில் சாதிக்காய் உலரப்போட்டிருந்த பாயைச் சுற்றிக்கொண்டு ரஜிதா போய்க் கதவைத் தட்டினாள். ஸக்கியாவே வந்து திறந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ரஜிதா உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் உட்கார்ந்ததும் காணாமல் போயின. அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நட்சத்திரத்தைப் பார்த்தது, மஸூதா பெயரைப் பார்த்தது, நினைத்தது, கூப்பிடாமல் விட்டது, இன்று காலையில் மாமியார் சொன்னது, எதையும் ஒளிக்கவில்லை. ஸக்கியா கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ராத்தா செஞ்சதுன்னு நெனச்சீங்க" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"நான் சொல்லி செஞ்சதுன்னு."

"...ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா." இப்போதுதான் அந்த அக்கா வந்தது, அதுவும் அழுகையோடு வந்தது. "நீ செஞ்சியான்னு ஏசியாவது கேட்டிருக்கலாம். அங்கயே போயிரேன்னு சொன்னீங்க இல்ல? நான் போகல்ல. அந்தக் கண்ணாடிக் கடைக்கு நான் போகவே இல்ல, தெரியுமா? நீங்க கூப்புடுவீங்க கூப்புடுவீங்கன்னு பதினஞ்சு நாளும் பேக்க ரெடியா வச்சிக்கிட்டு இந்த வாசல்லயே இருந்தேன்."

ரஜிதாவால் தலையைத் தூக்க முடியவில்லை. "தப்பு என்னோடதுதான் ஸக்கியா. மன்னிச்சிரு."

உள்ளேயிருந்து மஸூதாவின் குரல் வந்தது. "ஸக்கியா, ரஜிதாவுக்குத் தேத்தண்ணி ஊத்தவா?"

"வேணாம் ராத்தா. அவங்களுக்கு நேரமாயிருக்கும்."

அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் ரஜிதா ஒரு நாளும் படியிறங்கியதில்லை. குடித்துவிட்டேன் என்று பொய் சொன்னாலும் விட மாட்டார்கள்.

ஸக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். மண்டபம் பற்றி ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? "அஞ்சு மணிக்கு ஆதிபா பாப்பாங்க, இல்ல? சொல்லுங்க. ராத்தாவ அழிக்கச் சொல்லணுமா?"

ரஜிதா 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மஸூதா உள்ளேதான் இருக்கிறாள், போனும் கையில் இருக்கும். நாற்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது. கடை பிழைத்துவிடும். கண்டி ரயிலும் வேண்டாம், அடுத்தவள் நாற்காலியும் வேண்டாம்.

ஸக்கியாவின் முகத்தைப் பார்த்தாள். 'இதுக்குத்தானே வந்தீங்க' என்று அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றாள் ரஜிதா. "அதக் கேக்க வந்தா, நான் மன்னிப்புக் கேட்டதுக்கு அர்த்தமே இல்லாம போயிரும். அது இருக்கட்டும். நீ மனசு வந்தா வா. வராட்டியும் உன் மேல எனக்குக் குறை இல்ல."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒழுங்கை முனையில் திரும்பிப் பார்த்தபோது கதவு பாதி திறந்தே இருந்தது, வாசலில் ஆளில்லை.

கடைக்குத் திரும்பும்போது ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. "அழிச்சாங்களா அண்ணி?" என்று வாசலுக்கே ஓடிவந்தாள் அனுஷியா. ரஜிதா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"கேட்டீங்களா?"

"கேக்கல்ல."

அனுஷியாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. பின்னறையில் புஷ்பவதி ஏற்கெனவே உலர்ந்த துவாய்களை மறுபடியும் அலசிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி ஆனது. ஐந்து ஐந்தும் ஆனது. ஐந்து பத்துக்கு ரஜிதாவின் போன் அடித்தது. ஆதிபா.

"ரஜிதா, பாத்தேன். நாலு புள்ளி மூணு."

"தெரியும் மேடம்."

"அஞ்சு ஸ்டார் போட்ட ஆக்கள நான் ஒருநாளும் கணக்குல எடுக்குறல்ல. பாதிப் பேர் சொந்தக்காரங்களா இருப்பாங்க. ஒரு ஸ்டார் போட்ட ஆளோடதான் பேசிப் பாப்பேன். எல்லா பார்லருக்கும் அப்பிடித்தான் செய்யிறேன். உங்கள்ல ஒருத்தங்கதான் இருக்காங்க, மஸூதான்னு. நம்பர் இருந்தாத் தாங்க."

ரஜிதா மூச்சை இழுத்துவிட்டாள். "அது மஸூதா இல்ல மேடம். எங்க மாமி."

"உங்கட மாமியா? உங்கட சொந்த மாமியா ஒரு ஸ்டார் போட்டாங்க?" ஆதிபாவின் குரலில் முதல் தடவையாக ஆள் தெரிந்தாள். "அப்ப கட்டாயம் பேசணும். குடுங்க பாப்போம்."

புஷ்பவதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அடுத்த மலையில் நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் அவள் எப்போதும் போனில் பேசுவாள். இன்று குரல் தாழ்ந்திருந்தது. மருமகளின் முகம் தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமாங்க, நான்தான் வச்சேன்... குறையா? ஒரு குறையும் இல்லீங்க. இவ கை பட்டா எந்தப் புள்ளையும் மகாலெச்சுமி மாதிரி ஆயிரும். நாலு வருசமா பாத்துக்கிட்டிருக்கேன். அத இவகிட்ட நான் சொன்னதே இல்ல... ஏன்னா பயந்தாங்க."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கு மொதப் பொறந்தது பொம்பளப் புள்ள. யோகேந்திரனுக்கு முன்னால. மூணு மாசம். லயத்துல எல்லாரும் அழகு அழகுன்னு தூக்குவாங்க. நானும் சேந்து அழகுன்னேன். ஒரு நாளு கொழுந்துக்கு நேரமாச்சுன்னு பொட்டு வைக்காம, புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளக் காம்பராவுல விட்டுட்டுப் போயிட்டேன். அன்னைக்கு வந்த காய்ச்சல்தான்... பொட்டு வச்சிருந்தா பொழச்சிருக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாதுங்க. ஆனா அதுக்குப் பொறகு எனக்குப் புடிச்ச எதையும் நான் நல்லாயிருக்குன்னு வாயால சொன்னதில்ல. இந்தக் கடையும் எனக்குப் புடிச்சதுங்க. இவளையும்தான்."

அனுஷியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். ரஜிதாவுக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நாலு வருஷமாக, 'பொட்டு வச்சியா' என்ற அந்த ஒரே கேள்வியில் தன் காதில் விழாமல் போனது எவ்வளவு!

புஷ்பவதி போனை நீட்டினாள். "ஒன்னையத்தான் கேக்குறாங்க."

ஆதிபா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாலரைன்னு நான் சொன்னது சொன்னதுதான் ரஜிதா. இப்ப ஒண்டும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குக் கடைக்கு வாறேன். வேலையக் கண்ணால பாத்திட்டு முடிவு சொல்றேன். உங்கட மெஹந்தி போடுற பிள்ளையும் இருக்கணும். அந்தப் பிள்ளையோட கை வேலையப் பத்தி எங்க வீட்டுப் பக்கம் நிறையப் பேசுறாங்க. அவ இல்லாட்டி வந்து பிரயோசனமில்ல."

போன் வைக்கப்பட்டது.

ரஜிதா ஸக்கியாவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினாள். 'நாளை காலை ஒன்பது மணி. நீ வந்தால் சந்தோஷம்.' படித்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. கால் மணி நேரம் போயும் வரவில்லை.

அப்போதுதான் அனுஷியா துள்ளி எழுந்தாள். "அண்ணி! இங்க பாருங்க. நாலு புள்ளி எட்டு!"

ஆறு பேர்தான் இருந்தார்கள். ஒற்றை நட்சத்திரத்தைக் காணவில்லை, மஸூதா பெயரையும் காணவில்லை. யாரும் கேட்காமல், கேட்க வேண்டிய நேரமெல்லாம் தாண்டிப் போன பிறகு, அழித்திருந்தார்கள்.

ஸக்கியா மனம் இளகி அழிக்கச் சொன்னாளா? இல்லை, உன் சங்காத்தமே வேண்டாம் என்று கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டாளா? ரஜிதாவுக்குத் தெரியவில்லை. திரையை மறுபடி மறுபடி பார்த்தாள். ஸக்கியாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

"ஐயையோ" என்றாள் புஷ்பவதி. "இப்ப கடைக்குப் பொட்டு இல்லாம போச்சே!"

அனுஷியாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பவதி சிரிக்கவில்லை. கண்ணாடி மேசையில் இருந்த மைச்சிமிழைத் திறந்து விரல் நுனியில் தொட்டுக்கொண்டாள்.

"குனி" என்றாள்.

எத்தனையோ பெண்களுக்கு வைத்துவிட்ட ரஜிதா, தன் கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் தலையைக் குனிந்தாள். மாமியாரின் காய்த்துப் போன விரல், அவளுடைய முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தது.

"நாளைக்கு அந்தப் புள்ள வரும்" என்றாள் புஷ்பவதி. "வராட்டி, நான் போய்க் கூட்டியாறேன்."